அவங்க கையெழுத்து போதும்

எனக்கு மாத்ருபூதத்தைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் பார்த்து நியாயமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். நான் சொல்வது அவர் மனைவி ஆனந்தவள்ளியின் கதை. அதில் அவர் வருகிற இடமெல்லாம் என் முகம் சுளிக்கும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள் நான். ஆதார் திருத்தம், பென்ஷன் பாரம், காலேஜ் அப்ளிகேஷன், எல்லாம் செய்து கொடுப்பேன். பக்கத்துக் கடை ஆனந்தவள்ளியுடையது. ப்ளவுஸ், சுடிதார் தைக்கிறாள். பன்னிரண்டு வருடமாக இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

அவள் திருவெள்ளறைக்காரி, விவசாயக் குடும்பம். பத்தொன்பது வயதில் மாத்ருபூதத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது நாற்பத்தைந்து. பையன் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறான், பெண் ரேஷ்மா ஒன்பதாவது படிக்கிறாள்.

மாத்ருபூதம் என்பது மலைக்கோட்டைச் சாமியின் பெயர். காவிரியில் வெள்ளம் வந்து தாயால் வர முடியாமல் போனபோது, பிரசவ வலியில் தனியாகக் கிடந்த பெண்ணுக்குத் தாயின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்த சாமி. அந்தப் பெயரை இவருக்கு வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. தொட்டிலில் கிடக்கிற பிள்ளை பின்னால் எப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்.

அவருக்கு அரியமங்கலத்தில் லேத் பட்டறை. எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். பாய்லர் கம்பெனிகளுக்கு வால்வு பாகங்கள் கடைந்து கொடுக்கிற வேலை. தொழிலில் சுத்தமான ஆள், அதை மறுக்கவில்லை. எந்த அவசர ஆர்டர் இருந்தாலும் சனிக்கிழமை மதியம் மெஷினை நிறுத்திவிடுவார். ஆயில் பார்ப்பார், பெல்ட் பார்ப்பார், சத்தம் மாறியிருக்கிறதா என்று காது வைத்துக் கேட்பார். கெட்டுப்போன பிறகு ரிப்பேர் பண்ணுகிறவன் மடையன் என்று என் கடையில் நின்றே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். தன் உடம்பையும் அப்படித்தான் வைத்திருந்தார். தினமும் காலையில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பார். வாரம் ஒரு தடவை பிரஷர். வருடா வருடம் பிறந்தநாளன்று முழு உடல் பரிசோதனை. அந்த ரிப்போர்ட்டை என்னிடம் கொண்டு வந்து லேமினேட் செய்து வாங்கிக்கொள்வார். கொழுப்பு குறைந்திருந்தால் எனக்கும் படித்துக் காட்டுவார். நான் என்னமோ அதற்காகத்தான் காத்திருந்த மாதிரி.

மனைவிக்கும் உடம்பு என்று ஒன்று இருப்பது அந்த மனுஷனின் நினைப்பில் வந்ததே இல்லை.

ஆனந்தவள்ளிக்கு மூன்று வருடமாக வெள்ளைப்படுதல் இருந்தது. புருஷனோடு சேர்ந்த மறுநாள் சில சமயம் ரத்தம் படும். அதை அவரிடம் சொல்ல முடியாது. மாதவிலக்கைக்கூட அவர் வாயால் சொல்ல மாட்டார். கையை மட்டும் அசைத்து "அதுவா?" என்பார், சொல்லிவிட்டு இரண்டு அடி தள்ளி நிற்பார். அதனால் அவள் சொன்னது மாத்ருபூதத்தின் அக்கா மயிலம்மாளிடம். மயிலம்மாள் சமயபுரத்தில் கோயில் பக்கம் அர்ச்சனைத் தட்டுக் கடை வைத்திருக்கிறவள். கேட்டுவிட்டு அவள் சுற்றும் முற்றும் பார்த்தாளாம். உடம்புச் சூடு, வெந்தயத்தை ஊறவைத்துக் குடி என்றாளாம். குடும்பத்துப் பொம்பளை இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லலாமா என்று ஒரு திட்டும் விழுந்தது. ஆனந்தவள்ளி மூன்று வருடம் வெந்தயத் தண்ணீர் குடித்தாள்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. எங்கள் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிற நஜ்முன்னிசா அவளிடம்தான் சுடிதார் தைப்பாள். ஒரு நாள் அளவு கொடுக்கும்போது, முப்பது வயது தாண்டிய பெண்கள் எல்லாரும் கர்ப்பப்பை வாய்க்கு ஒரு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், மூன்று நிமிஷ வேலை, வாங்கக்கா என்று கூப்பிட்டாள். ஆனந்தவள்ளிக்கு முகம் மாறிவிட்டது. "நான் ஒழுங்கா குடும்பம் நடத்தறவ. எனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றாள். நஜ்முன்னிசா போன பிறகு, வேலை இல்லாதவர்கள்தான் இப்படி அங்கே இங்கே காட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

எங்கள் இரண்டு பேரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அந்தக் கடைக்கு வருகிற பெண்கள் திரையை இழுத்துவிட்டு, புடவையை நழுவவிட்டுக் கூச்சமில்லாமல் கையைத் தூக்கி நிற்பார்கள். ஒரு இஞ்ச் பிடி, அரை இஞ்ச் விடு என்று அதிகாரம் பண்ணுவார்கள். ஆனால் இடுப்புக்குக் கீழே ஒரு வலி என்றால் அதற்கு அவர்களிடம் பெயரே கிடையாது. 'அங்க' என்பார்கள், 'கீழ' என்பார்கள். எம்.ஏ. படித்தவளும் அப்படித்தான், வீட்டு வேலை செய்கிறவளும் அப்படித்தான். தன் உடம்பில் ஒரு பாகத்தை வேறு யாருடைய பொருளையோ பார்த்துக்கொள்வது மாதிரி வைத்திருக்கிறார்கள்.

போன வருடம் மாத்ருபூதத்துக்கு ஐம்பத்திரண்டாவது பிறந்தநாள் வந்தது. வழக்கம்போல டவுனில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் பரிசோதனை. துணைக்கு ஆனந்தவள்ளி கடையை அடைத்துவிட்டுப் போனாள். அவர் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பதால் அவளும் சாப்பிடவில்லை. உள்ளே ஈ.சி.ஜி. எடுக்கிறபோது அவருடைய சட்டை, வாட்ச், கண்ணாடி, செல்போன் எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். அவர் முடித்து வந்ததும், வரவேற்பில் இருந்த பெண் அவளைப் பார்த்து, மேடத்துக்கும் பெண்களுக்கான பரிசோதனை இருக்கிறது, சேர்த்தே எடுத்துவிடலாமே என்றாள். மாத்ருபூதம் சிரித்தாராம்.

"இவளுக்கு என்னம்மா, வீட்டுல சும்மா இருக்கறவ. இவளுக்கு ஒண்ணும் வராது."

மறுநாள் ஆனந்தவள்ளி இதை என்னிடம் சொன்னபோது குரல் உயரவில்லை. துணியை வெட்டிக்கொண்டே சொன்னாள். "அவரு சட்டையை நான் மடிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். ஹேங்கருக்கு எதுக்கு டெஸ்ட்டுன்னு நெனச்சிருப்பாரு போல."

அந்த வாரம் வியாழக்கிழமை அவள் தானாகவே சுகாதார நிலையத்துக்குப் போனாள். விழிப்புணர்வு வந்து போனாள் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் போனது வீம்பில்தான். ஆனால் போனாள். கட்டிலில் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கூரை விசிறியின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னாள். நஜ்முன்னிசா ஒரு வார்த்தை கிண்டலாகப் பேசவில்லை. ஏதோ மருந்தைப் பஞ்சில் தொட்டுத் தடவி, ஒரு நிமிஷம் காத்திருந்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். முடிந்தது. எழுந்து உட்கார்ந்தபோது ஆனந்தவள்ளிக்கு, இவ்வளவுதானா, இதற்கா நாற்பத்து நாலு வயது வரை பயந்தேன் என்று தோன்றியதாம்.

வெள்ளைத் திட்டு ஒன்று தெரிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் மேற்கொண்டு பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் பெலிண்டா என்று ஒரு அம்மா, மகப்பேறு டாக்டர், சதை கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாளில் முடிவு வந்தது. அதை நான்தான் காப்பி எடுத்தேன். புற்றுநோய் இல்லை, ஆனால் அப்படியே விட்டால் சில வருடங்களில் அதுவாக மாறக்கூடிய மாற்றம். ஒரு வைரஸால் வருவது. அந்த இடத்தை மட்டும் சின்னதாக வெட்டி எடுத்துவிட்டால் போதும், அதே நாள் வீட்டுக்குப் போய்விடலாம்.

வீட்டில் சொல்லாமல் முடியாது என்று அவள் மாத்ருபூதத்திடம் சொன்னாள். முதல் இரண்டு நாள் அந்த மனுஷன் பயந்துபோயிருந்தார். புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததே அவருக்குப் போதும். சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டார். இந்த இரண்டு நாளை நான் அவருக்குக் கொடுத்துவிடுகிறேன். மூன்றாம் நாள் பட்டறையில் உட்கார்ந்து செல்போனில் அந்த வைரஸைப் பற்றிப் படித்தார். அது உறவின் மூலம் பரவும் என்று அதில் இருந்தது. அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாராம்.

"கடைக்கு யாரு யாரு வர்றா?"

பொம்பளைங்க என்றாள். லைனிங் துணி போடுகிறவன் யார் என்றார். அது நஸ்ருல்லா பாய். பெரிய கடை வீதியிலிருந்து பத்து வருடமாகச் சரக்கு கொண்டு வருகிறவர், அறுபது வயதுக்கு மேல், படியில் பையை வைத்துவிட்டு உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் போகிறவர். அவர் பெயரைச் சொன்னதும் மாத்ருபூதம் "ஓ" என்றார். அந்த ஒற்றை எழுத்தில் என்னவெல்லாம் இருந்தது என்று அவள் என்னிடம் சொன்னபோது எனக்குக் கை பரபரத்தது. இருபத்தைந்து வருடம் உனக்குச் சமைத்து, உன் பிள்ளைகளைப் பெற்று, உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? லேத்தில் சத்தம் மாறினால் கண்டுபிடிக்கிற காது, சொந்த வீட்டில் செவிடு.

அடுத்த நாள் மயிலம்மாளுக்குப் போன் போனது. அவள் பஸ் ஏறி வந்து, ஆனந்தவள்ளியின் எதிரில் உட்கார்ந்து, எங்கள் வம்சத்தில் யாருக்கும் இப்படி ஒரு வியாதி வந்ததில்லை என்று ஆரம்பித்தாள். கடை வைக்க விட்டதே தப்பு என்று முடித்தாள். ரேஷ்மா அடுத்த அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரைப் பார்க்கிற நாளில் மாத்ருபூதம் கூட வந்தார். மனைவிக்குத் துணையாக என்று நினைக்க வேண்டாம், விசாரணைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் தங்க மூடி போட்ட பேனா. டாக்டர் பெலிண்டா விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது எவ்வளவு நாளாக இருந்திருக்கும் என்றார். சொல்ல முடியாது, பத்து வருடம், இருபது வருடம்கூட வெளியே தெரியாமல் இருக்கும் என்றார் டாக்டர்.

"எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க வழி இருக்கா டாக்டர்?"

டாக்டர் பெலிண்டா எழுதுவதை நிறுத்தினார். "டெஸ்ட் வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது. ஆனா உங்களைத் தவிர வேற யாரும் இல்லைன்னு உங்க மனைவி சொல்றாங்க. நான் அதை நம்பறேன். மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்குங்க."

மாத்ருபூதம், கல்யாணத்துக்கு முன்னால் பம்பாயில் இரண்டு வருடம் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தேன், அப்போது எல்லாரும் ஒரே அறையில் இருந்தோம் என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஆம்பளைகளுக்குத் தெரியாமலே இது இருந்துவிட்டுப் போகும், உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு எப்போதாவது வந்து போவதுதான், அதில் யாருக்கும் கேவலமில்லை, எனக்கு உங்கள் பழைய கதை தேவையில்லை என்றார். சம்மதப் பாரத்தை எடுத்து மேஜையில் வைத்தார். மாத்ருபூதம் உடனே பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

"அவங்க கையெழுத்து போதும்" என்று டாக்டர் பாரத்தை ஆனந்தவள்ளி பக்கம் நகர்த்தினார்.

அந்தப் பேனாவைத்தான் வாங்கி அவள் கையெழுத்துப் போட்டாள். அந்த நிமிஷம் என்ன தோன்றியது என்று நான் கேட்டேன். "இத்தனை வருஷம் இவருக்குப் பயந்தோமேன்னு இருந்துச்சு" என்றாள். கோபமாக இல்லையா என்றேன். கோபப்படுகிற அளவுக்கு அங்கே ஆள் இல்லை என்றாள்.

ஆபரேஷன் அன்றைக்கு அவருக்கு அவசர டெலிவரி இருந்துவிட்டது. நஜ்முன்னிசாதான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனாள். மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். நாலு மணிக்கு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார்கள். கஞ்சி வைத்துக் கொடுத்தவள் ரேஷ்மா.

மாத்ருபூதம் பட்டறையில் என்ன சொன்னார் தெரியுமா? வீட்டில் சின்னக் கட்டி, எடுத்தாச்சு என்றார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் தனக்குத் தனி சோப்பு, தனித் துண்டு வாங்கி வைத்துக்கொண்டார். தட்டும் தம்ளரும்கூடத் தனியாயின. அவரிடமிருந்து அவளுக்கு வந்ததாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லாமல் சொன்னதற்குப் பிறகும் இப்படி. ஒரு நாள் மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் வந்தார். ஒரு சிநேகிதனுக்காகக் கேட்கிறேன், ஆம்பளைங்க அந்த வைரஸ் டெஸ்ட் எங்கே எடுப்பார்கள், இன்டர்நெட்டில் பார்த்துச் சொல்லும்மா என்றார். பார்த்தேன். ஆண்களுக்கு அப்படி வழக்கமான பரிசோதனை எதுவும் கிடையாது என்று இருந்ததைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வருடா வருடம் நகத்திலிருந்து முடி வரைக்கும் பரிசோதித்துக்கொள்கிற ஆளுக்கு, பரிசோதிக்க முடியாத ஒன்று தன்னிடம் இருக்கலாம் என்பது தாங்கவில்லை. லேமினேட் பண்ணட்டுமா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. ஆனந்தவள்ளிக்காக அடக்கிக்கொண்டேன்.

ரேஷ்மாவுக்கு இதற்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள், பதினைந்து வயதுக்குள் போடுவதுதான் நல்லது என்று டாக்டர் பெலிண்டா சொல்லியிருந்தார். அதை வீட்டில் சொன்னதும் மாத்ருபூதம் எழுந்து நின்றுவிட்டார். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அந்த ஊசி போட்டால் என்ன அர்த்தம், நாளைக்கு வரன் வந்தால் என்ன பதில் சொல்வது என்றார். கெடுவதற்கு முன்னால் பார்க்கிற அவருடைய மெக்கானிக் தத்துவம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"உங்களை மாதிரி ஒருத்தர் வந்தா என்ன பண்றதுன்னுதான் போடறோம்" என்றாள் ஆனந்தவள்ளி.

ரேஷ்மா இதை மறுநாள் என் கடையில் வந்து சொன்னாள். அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று நடித்துக்கூடக் காட்டினாள். பிள்ளையின் முன்னால் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். பிள்ளையின் முன்னால்தான் மயிலம்மாளும் பேசினாள். சனிக்கிழமை காலையில் அம்மாவும் பெண்ணும் போய் முதல் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டாவது. மாத்ருபூதம் இரண்டு தடவையும் பட்டறையில் இருந்தார். இரண்டு தடவையும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்த ஆடியில் மயிலம்மாள் கடைக்கு வந்தாள். ப்ளவுஸ் துணி ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள், அளவுக்குப் பழைய ப்ளவுஸ் கொண்டு வர மறந்திருந்தாள். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். மழை, கோயில் கூட்டம், தேங்காய் விலை என்று பேசினாள். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு, மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆகிறது, மூன்று மாதமாக மறுபடி ரத்தம் படுகிறது என்றாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மெஷினை நிறுத்திவிட்டேன். உடம்புச் சூடு, வெந்தயம் குடிங்க அண்ணி என்று ஆனந்தவள்ளி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் நான் கைதட்டியிருப்பேன், அவ்வளவு கெட்டவள் நான்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. எவ்வளவு நாளாக, எவ்வளவு படுகிறது, வலி இருக்கிறதா என்று, ப்ளவுஸுக்குக் கை நீளம் கேட்கிற குரலில் கேட்டாள். எழுந்து கடையைப் பூட்டினாள். "வாங்க, போலாம்" என்றாள். இரக்கத்தோடு கூப்பிட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை.

வாசலில் மயிலம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாத வள்ளி."

ஆனந்தவள்ளி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். டாக்டர் பெலிண்டாவிடம் உட்காரவைத்துவிட்டு, கட்டிலில் ஏறப் பயந்தவளைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. சதையைச் சோதித்ததில் கெட்டது ஒன்றும் இல்லை என்று வந்தது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஆனந்தவள்ளிதான் கூட்டிக்கொண்டு போகிறாள். மன்னித்துவிட்டாயா என்று ஒரு நாள் கேட்டேன். அதற்கெல்லாம் நேரமில்லை, தீபாவளி ப்ளவுஸ் நாற்பது இருக்கிறது என்றாள்.

அவளுடைய அடுத்த பரிசோதனை போன மாதம் முடிந்தது. எல்லாம் சுத்தமாக இருக்கிறது. மாத்ருபூதத்தோடு அதே வீட்டில்தான் இருக்கிறாள். சாப்பாடு வைக்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். ராத்திரி ரேஷ்மாவின் அறையில் படுத்துக்கொள்கிறாள். அவர் அதை ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்ற பயம் இப்போது அவருக்கு வந்திருக்கிறது.